ஒரு சாண் பின்னால்

துறைமுக மகளிர் ஹாக்கி அணியின் கோல்கீப்பருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். பூட்டு கோலுக்குத்தான், வாய்க்குக் கிடையாது. உடை மாற்றும் அறையில் தன் கனத்த கால் காப்புகளைக் கழற்றிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக ஆட்டக்காரி கோந்து, கையிலிருந்த சாக்ஸைச் சுருட்டிச் சுவரில் அடித்தாள்.

"திரும்பச் சொல்லு. என்ன சொன்னாளாம்?"

"என்னை மாட்டி விட்டுடாதம்மா. நான் சும்மா அந்தப் பக்கம் போனேன். கோச் ரூம் கதவு திறந்திருந்துச்சு. காதுல விழுந்துச்சு. 'அண்ணி பந்தை நிறுத்துறதுல தாமதம் ஆகுது சார், வயசாகுதில்ல, கை முன்ன மாதிரி இல்ல'ன்னா."

"அவ்வளவுதானா?"

"பாவம்னும் சொன்னா."

அந்தப் 'பாவம்'தான் கோந்துவின் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டது. வயசு என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அணியில் மூத்தவர்கள் எல்லாருக்கும்தான் வயசாகிறது. ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வருடத்தில் கோப்பை தூக்கி, இப்போது ஒரே நேரத்தில் மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிற கூட்டம் அது. ஆனால் பாவமாம்! யார் யாரைப் பார்த்துப் பாவம் என்பது?

சொன்னவள் அணிக்குக் கோல் அடிக்கிற பீரங்கி. கோந்துவின் கணவனுடைய தங்கை, அதாவது நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே ஸ்கூட்டர், ஒரே அணி. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன தண்டனை வேண்டும்?

இந்தச் சம்பந்தம் வந்த கதையே ஒரு கூத்து. கோந்து பந்தை நிறுத்தினால் அது ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு ஊர் அணி அவளை வேலையோடு கூப்பிட்டது. அவளும் பெட்டியைக் கட்டத் தயாராகிவிட்டாள். விஷயம் தெரிந்த மறுநாளே பீரங்கி தன் அண்ணனைச் சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரி, மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சாதுவான மனிதர். அவர் அதற்கு முன் ஹாக்கி பார்த்ததே இல்லை. அண்ணனுக்குப் பெண் பார்த்தாளா, தனக்குப் பந்து நிறுத்த ஸ்டாப்பர் பார்த்தாளா என்று அணியில் இன்றுவரை சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து 'வாடி போடி' மறைந்து 'அண்ணி, நீங்க' வந்தது. அந்த 'அண்ணி'யில் மரியாதை எவ்வளவு, நையாண்டி எவ்வளவு என்று கோந்துவுக்குத்தான் தெரியும்.

பெனால்டி கார்னரில் வேலை மூன்று பேருக்கு. ஒருத்தி கோலுக்குப் பக்கத்துக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவாள். இரண்டாமவள் பெரிய வட்டத்துக்கு வெளியே குனிந்து நின்று அதை அசையாமல் நிறுத்துவாள். மூன்றாமவள் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, பந்தை ஸ்டிக்கோடு இழுத்துக் கோலுக்குள் வீசுவாள். நிறுத்துகிற ஸ்டாப்பர் கோந்து, வீசுகிற ஃப்ளிக்கர் பீரங்கி. பாடப்புத்தகப்படி பந்து வட்டத்துக் கோட்டை ஒட்டி வெளியே நிற்க வேண்டும். கோலுக்கு அவ்வளவு கிட்டத்தில் நின்றால்தான், எதிர்த்து ஓடிவருகிறவளுக்கு நேரம் கிடைக்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பீரங்கி ஒரு வீச்சு வீசிவிட்டு நிமிரும்போது இடுப்பில் கையை வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. கோந்து கவனித்தாள். அடுத்த கார்னரில் பந்தைக் கோட்டில் நிறுத்தாமல் ஒரு சாண் பின்னால் உருளவிட்டு நிறுத்தினாள். அந்த ஒரு சாண் கிடைத்தால் பீரங்கி அவ்வளவு தூரம் காலை அகட்டிப் படிய வேண்டியதில்லை. பந்து கோலுக்குப் போனது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றி? மூச். அன்றிலிருந்து ஒவ்வொரு கார்னரிலும் அந்த ஒரு சாண் தவறியதில்லை. பீரங்கிக்கு வயசே ஆகவில்லை என்று பேப்பரில்கூட எழுதினார்கள்.

இப்போது புதிதாக வந்த கோச் தன் டேப்லெட்டில் பழைய ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்த்து, கோடு போட்டுக் கண்டுபிடித்துவிட்டார். கோந்து நிறுத்துகிற இடம் பின்னால் போய்விட்டதாம். கை மெதுவாகிவிட்டதாம். அந்தக் கை யாருக்காக மெதுவானது என்று தெரிந்த ஒரே ஆள், அவருக்கு முன்னால் உட்கார்ந்து தலையாட்டி, பாவம் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"குழி பறிச்சிட்டாளே" என்றாள் கோந்து. "என் சோத்தைத் தின்னுட்டு என் முதுகுலயே குத்திட்டாளே!"

"சோறு ஆக்குறது உன் வீட்டுக்காரர்தானே?" என்றாள் பூட்டு.

"நீ வாயை மூடு."

சும்மா சொல்லக் கூடாது, கோச் யாருக்கும் ஒளித்துப் பேசியவரில்லை. வந்த முதல் வாரமே எல்லாரையும் உட்கார வைத்துப் பச்சையாகச் சொல்லிவிட்டார். "உங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஒரே வயசு. இப்படியே விட்டா எல்லாரும் ஒரே வருஷத்துல ஓய்ஞ்சிடுவீங்க. அதுக்கப்புறம் இங்க டீமே இருக்காது. மூணு வருஷத்துல மொத்தத்தையும் மாத்தணும். கோல்கீப்பர் இருக்கட்டும். கார்னர்ல பழைய ஆள் ஒருத்தர்தான் இருக்க முடியும். ஸ்டாப்பரா, ஃப்ளிக்கரா, வர்ற ஞாயித்துக்கிழமை ஆட்டம் பார்த்து முடிவு பண்றேன்." நியாயமான பேச்சுதான். நியாயம் நம் தலையிலேயே விழும்போதுதான் கசக்கும்.

அணியை விட்டுப் போனால் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடுகிற எடைமேடை. ஆட்டக்காரர்களுக்கு அங்கே பாதி நாள்தான் வேலை. மதியம் மைதானத்துக்குக் கிளம்பிவிடலாம். அணியில் இல்லாதவர்களுக்கு முழு நாள். ஆள் நுழையவே ஒருக்களிக்க வேண்டிய கண்ணாடிக் கூண்டு, கீழே உறுமிக்கொண்டு லாரி மேல் லாரி, மூக்கை அடைக்கிற டீசல் புகை, "அக்கா, சீக்கிரம் போடுக்கா" என்று ஹாரனை அமுக்குகிற டிரைவர்கள். ஓய்வு பெறும்வரை அதுதான். கோந்து அதை நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை. குனிந்து நின்று, பந்து வந்து ஸ்டிக்கில் 'டப்' என்று ஒட்டுகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் அத்தனை காலைகளையும் அந்தக் கூண்டுக்குள் கழித்தாள்.

அவளையும்தான் கோச் கூப்பிட்டுக் கேட்டார். "நீங்க என் இடத்துல இருந்தா யாரை விடுவீங்க?"

"அதை நான் எப்படி சார் என் வாயால சொல்றது? என் நாத்தனார் ஆச்சே" என்றுதான் கோந்து ஆரம்பித்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் தெய்வம். "ஆனா ஒண்ணு சார். கார்னர் எடுக்கும்போது பின்னால நின்னுக்கிட்டு ஓயாம கத்துறா. பந்து கிளம்பினா போதும், கால் பக்கம் வந்தா 'உள்ள'ங்கிறா, விலகிப் போனா 'வெளிய'ங்கிறா. எனக்குக் கண்ணு இல்லியா? பெரிய தொந்தரவு சார். சின்னப் பொண்ணுங்களும் அதைப் பார்த்துக் கெட்டுப்போகுதுங்க."

கோச் அதைக் குறித்துக்கொண்டார். கோந்து இதைக் கோள் மூட்டியதாக நினைக்கவில்லை. கேட்டார், சொன்னாள். தான் சொன்னால் உண்மை, அவள் சொன்னால் குழி பறிப்பு. இதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

கண்ணைப் பற்றி வீட்டில் பேச்சு வந்துகொண்டுதான் இருந்தது. பஸ் கிட்டத்தில் வந்த பிறகுதான் அவளுக்கு நம்பர் தெரிகிறது. மைதானத்து விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. "டாக்டரைப் பார்த்துடலாமே" என்று கணவர் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. துறைமுகத்துல மட்டமான விளக்கா வாங்கி மாட்டியிருக்காங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்படியில் கோந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள் என்று சொல்ல முடியாது, தொட்டிக்குள் போட்டு இடித்தாள். பீரங்கி சாப்பாட்டு மேஜையில் போர்வையை மடித்துப் போட்டுத் தன் ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, பாத்திரத்தைக் கழுவுறீங்களா, உடைக்கிறீங்களா?"

"என்ன பண்றது? என் கை முன்ன மாதிரி இல்லியாம். நழுவுது."

இஸ்திரிப் பெட்டி நின்றது. பீரங்கி அதை நிமிர்த்தி வைத்தாள்.

"யார் சொன்னா?"

"சொன்னவங்களுக்குத் தெரியும்."

"பூட்டா? அவ வாயைத் தைக்கணும்." பீரங்கி கொஞ்ச நேரம் ஜெர்சியின் காலரையே நீவினாள். பிறகு முகத்தை நிமிர்த்தி, "ஆமா, சொன்னேன். கேட்டாரு, சொன்னேன். பந்து பின்னால நிக்குதா இல்லியா? நிக்குதுதானே?"

"ஏன் பின்னால நிக்குதுன்னு சொன்னியா?"

"அதைச் சொன்னா எனக்கு என்ன மிச்சம்?"

கூசாமல் சொன்னாள். கோந்து கழுவிய தட்டை மறுபடி தொட்டிக்குள் போட்டாள். பொய் சொல்லி மழுப்பியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்களுக்காவது வீடு இருக்கு, எங்க அண்ணன் இருக்காரு" என்றாள் பீரங்கி. "எனக்கு என்ன இருக்கு? இந்த இடுப்பும் அந்த கோலும்தான். எடைமேடையில என்னை உக்கார வெச்சா நான் பைத்தியமாயிடுவேன்."

"நான் மட்டும் அங்க உக்காந்து சீட்டாடுவேனா? நன்றி கெட்டவளே!"

"வார்த்தையை அளந்து பேசுங்க அண்ணி."

"நீ அளந்தியா?"

கோந்துவின் கணவர் கையில் கரண்டியோடு நடுவில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு சண்டை போடுங்களேன். ஆறிடும்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. "நீ சும்மா இருண்ணே" என்றாள் தங்கை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அவர் கரண்டியோடு திரும்பிப் போய்விட்டார். அன்று மாலை ஸ்கூட்டரில் போகும்போது இருவருக்கும் நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு போனார்கள்.

விளக்குப் போட்ட பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. எதிரணி பக்கத்து ஊர் மில்லுக்காரர்கள். எல்லாம் சின்ன வயசுப் பெண்கள், ஓடச் சொன்னால் நிற்காமல் ஓடுகிற கால்கள். துறைமுகத்து மூத்தவர்களுக்குக் கால் மணி நேரத்திலேயே நாக்குத் தள்ளியது. கோச் எல்லைக்கோட்டில் டேப்லெட்டோடு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

முதல் கார்னர் கிடைத்தது. கோந்து வட்டத்துக்கு வெளியே போய்க் குனிந்து நின்றாள். பின்னால் பீரங்கியின் மூச்சு கேட்டது. தள்ளுகிறவள் குனிந்தாள்.

பந்து கிளம்பியதுமே, "வெளிய!" என்றாள் பீரங்கி.

கோந்துவின் ஸ்டிக் வெளிப்பக்கம் போய்ப் படுத்தது. 'டப்'. பந்து நின்றது. கோட்டை ஒட்டி, பாடப்புத்தகத்தில் போட்ட படம்போல, இம்மி பிசகாமல்.

பீரங்கி எப்போதும் எடுத்து வைக்கிற அடியை எடுத்து வைத்தாள். பந்து அங்கே இல்லை, ஒரு சாண் தள்ளி இருந்தது. எட்டிப் பிடித்து எப்படியோ இழுத்தாள். பந்து கோலுக்கு வெளியே போய் விளம்பரப் பலகையில் மோதியது.

அவள் திரும்பிக் கோந்துவைப் பார்த்தாள். கோந்து அவளைப் பார்க்கவில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நான் செய்த தப்பு என்ன? கோட்டில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். உலகத்தில் எவனும் இதில் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது கார்னர். "உள்ள!" என்ற குரல். 'டப்'. மறுபடியும் கோட்டில். இந்த முறை பீரங்கி அதை எதிர்பார்த்து நீளமாகப் பாய்ந்து படிந்தாள். வீசி முடித்ததும் நிமிர முடியவில்லை. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, மெல்ல மெல்ல எழுந்தாள். பந்தை மில்லுக்காரப் பெண் காலாற வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

இடைவேளையில் கோச் நேராகக் கோந்துவிடம் வந்தார். "இப்பதான் சரியா நிறுத்துறீங்க. இந்த இடம்தான் வேணும். இதை ஏன் இவ்வளவு நாள் பண்ணல?"

"நீங்க சொன்னதுக்கப்புறம் தனியாப் பழகினேன் சார்" என்றாள் கோந்து, பவ்யமாக.

இரண்டு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்து இடுப்பில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த பீரங்கி அதைக் கேட்டாள். முகம் கறுத்தது. பூட்டு தண்ணீர் பாட்டிலோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததையும், காதில் ஏதோ ஓதியதையும் கோந்து பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் கொண்டுபோனால்தானே பூட்டுக்குத் தூக்கம் வரும்!

பீரங்கி எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் கத்துறது தொந்தரவா இருக்கா அண்ணி?"

"கேட்டாரு, சொன்னேன்."

"எதுக்குக் கத்துறேன்னு சொன்னீங்களா?"

"உனக்கு வாய் சும்மா இருக்காது. அதுக்குக் கத்துற."

பீரங்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்றாள். பிறகு சிரித்தாள். "சரி. இனிமே கத்தல."

மூன்றாவது கார்னர். கோந்து குனிந்தாள். ஈரமான செயற்கைப் புல்தரையில் விளக்குகள் பளபளத்தன. தள்ளுகிறவளின் தோள் அசைந்தது. பின்னால் சத்தமில்லை. கோந்து காத்திருந்தாள். தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பந்து கிளம்பிய இடம் தெரிந்தது, நடுவில் எங்கேயும் அது இல்லை. பளபளப்பு மட்டும்தான் இருந்தது. திடீரென்று காலடியில் ஏதோ வெள்ளையாக ஓடியது. ஸ்டிக்கைப் போட்டாள். ஸ்டிக் வெறும் தரையில் அடித்தது. பந்து அவளைத் தாண்டி, பீரங்கியையும் தாண்டி ஓடியது. மில்லுக்காரிகள் அதை எடுத்துக்கொண்டு பறந்துபோய்ப் பூட்டுக்குப் பின்னால் வலையில் போட்டுவிட்டார்கள்.

கோந்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நிறுத்தியது கண் இல்லை. அந்தக் குரல். எப்போதிலிருந்து? அவளால் நினைவுபடுத்த முடியவில்லை. தன் கண் போய்க்கொண்டிருப்பது தனக்குத் தெரிவதற்கு முன்னால் பின்னால் நிற்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கத்த மட்டும் கத்தியிருக்கிறாள்.

நன்றியா வந்தது? இல்லை. அவமானம் வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. என்னிடமே மறைத்தாளே, என்னை ஒரு குருட்டுக் கழுதையாக வைத்து ஓட்டியிருக்கிறாளே என்று வயிறெரிந்தது. பாவம் என்று அவள் சொன்னது இதைத்தானா?

ஆட்டம் முடிய இருந்தபோது நான்காவது கார்னர். இது கடைசி என்று எல்லாருக்கும் தெரியும். கோச் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லைக்கோட்டோரமாகவே வட்டத்துக்கு நேரே வந்து நின்றார். பீரங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். கோந்து திரும்பாமல், உதடு அசையாமல் பேசினாள். பல வருடமாகப் பேசாத பேச்சு அது.

"கத்துடி."

"நீ விடுவியா?" அண்ணியும் இல்லை, நீங்களும் இல்லை. "அந்த ஒரு சாண். விடுவியா?"

"விடறேன்."

"முதல்ல நான் கத்தணும். அப்புறம்தான் நீ விடணும். ஏமாத்த மாட்டியே?"

"சத்தியமா விடறேன். கத்து."

பீரங்கி பெருமூச்சு விட்டது கேட்டது. தள்ளுகிறவள் குனிந்தாள். பந்து கிளம்பியது.

"உள்ள!"

தெளிவான குரல். சரியான நேரம். கோந்துவின் கை தானாக உள்பக்கம் போனது. பந்து ஸ்டிக்குக்கு வந்துவிட்டதைக் கை உணர்ந்தது. இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஒரு சாண் உருண்டு நிற்கும். மூன்று வருடமாகச் செய்கிற காரியம், தூக்கத்தில்கூடச் செய்வாள். அவள் மணிக்கட்டை இறுக்கினாள். தெரிந்தேதான் இறுக்கினாள். 'டப்'. பந்து கோட்டில் நின்றது.

ஒரு சாண் பின்னால் வரும் என்று நம்பி அடியெடுத்து வைத்த பீரங்கி, பந்தைத் தேடி நடுவழியில் உடம்பை முறுக்கினாள். ஒரு சத்தம் வந்தது, அவள் வாயிலிருந்து. பந்தின் மேலேயே விழுந்தாள். நாலு பேர் தூக்கித்தான் எல்லைக்கோட்டுக்குக் கொண்டுபோனார்கள். தூக்கிப் போகும்போது அவள் கண்ணை மூடவில்லை. கோந்துவையே பார்த்துக்கொண்டு போனாள்.

கோச் அன்றே சொல்லிவிட்டார். "பந்து தவறுனது ஒரு தடவை. அது யாருக்கும் நடக்கும். மத்தபடி உங்க ஸ்டாப் இப்ப சுத்தமா இருக்கு. அவங்க இடுப்பு போயிடுச்சு, பார்த்தாலே தெரியுது. நீங்க இருங்க. மூணு வருஷம் புதுப் பொண்ணுங்களோட."

வீட்டில் பீரங்கியை நடுக்கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் இனி ஸ்டிக்கைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோந்துவின் கணவர் தங்கைக்கு வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மனிதர் சாதுதான், முட்டாள் இல்லை.

அவர் கடைக்குப் போன பிறகு பீரங்கி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சந்தோஷமா?"

கோந்துவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமா" என்றாள். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. பயமும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளைத் தூங்கவிடவில்லை.

"நான் சத்தியத்தை நம்பினேன்டி."

"நானும் உன்னை நம்பித்தான் மூணு வருஷம் பின்னால விட்டேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் அவர்தான் தூது போனார்.

சில வாரங்கள் கழித்துப் புதிய அணிக்கு முதல் ஆட்டம். கோந்து விளக்கு எரியும்போது மைதானத்தில் கார்னர் பழகாமல் தப்பித்துக்கொண்டே வந்திருந்தாள். முதுகு பிடித்தது என்றாள், அலுவலக வேலை என்றாள், பகலில் மட்டும் பழகினாள். பகலில் பந்து ஓரளவு தெரிந்தது. டாக்டரிடம் போனால் கோச் காதுக்கு எட்டிவிடும் என்று அங்கேயும் போகவில்லை. அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. புதிதாக வந்த ஃப்ளிக்கரை ஆட்டத்துக்கு முன்னால் ஓரமாகக் கூப்பிட்டாள். தன் தோளுக்குமேல் உயரமான, சூயிங்கம் மெல்லுகிற பெண்.

"இங்க பாரும்மா, பந்து கிளம்பினதும் ஒரு குரல் கொடு. கால் பக்கம் வந்தா 'உள்ள', விலகி வந்தா 'வெளிய'. அவ்வளவுதான். நல்லா சத்தமா."

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்தினாள். "ஐயோ அக்கா, கத்தக் கூடாதுன்னு நேத்து நீங்க வராதப்ப கோச் ரூல் போட்டிருக்காரே. கார்னர்ல யாராவது வாயைத் திறந்தா அடுத்த ஆட்டம் வெளியதான் உக்காரணுமாம்."

கோந்து கோச்சிடம் ஓடினாள். ஓட்டமும் நடையுமாகப் போய் மூச்சு வாங்க நின்றாள். "சார், கார்னர்ல ஒரு குரல் மட்டும்... பழக்கமாயிடுச்சு..."

கோச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். "என்ன இப்படிச் சொல்றீங்க? பெரிய தொந்தரவுன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? நீங்க சொன்னது ரொம்பச் சரி. உங்களுக்காகத்தான் ரூலே போட்டேன். போங்க, நிம்மதியா ஆடுங்க."

மேற்கொண்டு என்ன சொல்வது? எனக்குப் பந்து தெரியவில்லை என்றா? சொன்ன அந்த நொடியே எடைமேடைக் கூண்டின் கதவு திறந்துவிடும்.

ஆட்டம் தொடங்கியது. விளக்குகள் வளையம் வளையமாக எரிந்தன. கொஞ்ச நேரத்திலேயே நடுவர் கையை நீட்டினார், கார்னர். கோந்து வட்டத்துக்கு வெளியே நடந்துபோனபோது கேலரியின் முதல் வரிசையில் தன் கணவரைப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் தெரிந்தது. அவர் பக்கத்தில் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டிக்கொண்டு பீரங்கி. டாக்டர் உட்காரக் கூடாது என்று சொல்லியும் வந்திருந்தாள். அங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் வட்டத்தில் நன்றாகக் கேட்கும். கேலரியில் கத்துகிறவர்களை எந்த ரூலும் ஒன்றும் செய்யாது.

கோந்து அவளைப் பார்த்தாள். கெஞ்சித்தான் பார்த்தாள். வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கண்ணாலேயே கேட்டாள்.

பீரங்கியும் அவளைப் பார்த்தாள். எல்லாம் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கோந்து குனிந்தாள். ஸ்டிக்கைத் தரையில் வைத்தாள். பின்னால் புதுப் பெண்ணின் மூச்சு மட்டும் கேட்டது. தூரத்தில் தள்ளுகிறவளின் தோள் அசைந்தது. பந்து கிளம்பிவிட்டது. கேலரியில் பீரங்கி வாயைத் திறக்கவில்லை.